நாலு மூலையும் ஒரு நடுவும்

1

இந்தக் கதை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. இன்னும் கௌரவமான ஒரு பிறப்பிடத்தைச் சொல்லியிருக்கலாம். உங்களிடம் எதற்குப் பொய் என்று விட்டுவிட்டேன்.

அங்கே அட்டை கிழிந்த ஒரு பத்திரிகை கிடந்தது. 'நீங்கள் எப்படிப்பட்டவர்? இருபதே கேள்விகளில் தெரிந்துகொள்ளுங்கள்' என்று ஒரு பக்கம். எனக்கு முன்னால் யாரோ பென்சிலால் ஏழு கேள்விகளுக்கு டிக் அடித்துவிட்டு, பாதியில் உள்ளே கூப்பிடப்பட்டிருந்தார்கள். நான் பேனாவால் முதலிலிருந்து போட்டேன். பிறரை வழிநடத்தப் பிறந்தவன் என்று வந்தது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பல்லைப் பிடுங்கியபின் ரத்தம் நிற்கிறவரை அதே நாற்காலியில் இருக்கச் சொன்னார்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அதே இருபதை மறுபடி போட்டேன். தனிமை விரும்பி, பெரிய பொறுப்புகளைத் தவிர்ப்பது நலம் என்று வந்தது. இரண்டுக்கும் நடுவில் என்னிடமிருந்து போனது ஒரு கடைவாய்ப் பல் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மைத்துனரிடம் இதைச் சொன்னேன். அவர் கடை கடையாகப் போய்த் தராசுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். சிரிக்கக்கூட இல்லை.

"ஒரே கல்லை ரெண்டு தடவை வச்சா ரெண்டு எடை காட்டுதா? அந்தத் தராசுக்கு முத்திரை கிடையாது மச்சான்."

"இதுல தராசு யாரு? நானா, அந்தக் கேள்வித்தாளா?"

"அதை நீங்கதான் சொல்லணும். கதை எழுதுறவரு நீங்கதானே?"

மைத்துனரிடம் மூக்குடைபடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: கேள்வித்தாள் திங்கட்கிழமை காலையில் வந்தது. வெளியே மழை—

(மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. உங்கள் தலையில் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?)

இரண்டாவது: தான் யாரென்று அவளுக்கு நாற்பத்தைந்து வயதுவரை தெரியவில்லை. அந்தத் திங்கட்கிழமைதான் அவள் வாழ்க்கையையே—

(விளம்பரம் மாதிரி இருக்கிறது. கீழே தொலைபேசி எண் போட வேண்டியதுதான் பாக்கி.)

மூன்றாவது: இருபது கிலோ இரும்புக் கல்லை இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

அந்த முறை தெரிந்தவள் அவள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, கல்லை வயிற்றோடு அணைத்து எழ வேண்டும். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் எழுகிறாள். எடைக்கற்கள் நிறைந்த ஒரு வண்டியில் அவளும் ஒரு கூட்டாளியும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போவார்கள். தராசில் கல்லை வைப்பார்கள். சரியாகக் காட்டினால் முத்திரை, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. அவளுக்கு நிறுவனத்தில் வைத்த பெயர் அரைகிராம். விட்டுக்கொடுக்கச் சொல்லி யார் கெஞ்சினாலும் அவ்வளவுகூட இறங்கி வர மாட்டாள் என்பதால் வந்த பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்தது, இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

கூட்டாளிக்கு வானொலி என்று பெயர். வண்டி ஓட்டுவது அவள். காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பும்போது வாயைத் திறந்தால் மாலை ஐந்துக்குத்தான் இரண்டும் நிற்கும். அரைகிராமை விட ஆறு வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இருவரும் பதினோரு வருடமாக ஒரே வண்டி.

3

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அரைகிராம் எப்படிப்பட்டவள்?

கதை எழுதக் கற்றுத்தருகிறவர்கள் இதற்கு ஒரு வழி சொல்வார்கள். பாத்திரத்துக்கு ஒரு கேள்வித்தாளை நிரப்பிப் பாருங்கள்: அவருக்குப் பிடித்த நிறம், கோபம் வந்தால் என்ன செய்வார், கூட்டத்தில் எங்கே நிற்பார். நானும் அவளுக்காக உட்கார்ந்து நிரப்பினேன். கூட்டத்தில் ஓரமாக நிற்பாள் என்று எழுதினேன். உடனே மனக்கண்ணில் வண்டிக்குள் இருக்கும் அவள் வந்தாள்.* அடித்தேன். மாற்றி எழுதினேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருக்கும் அவள் வந்தாள். மறுபடி அடித்தேன். கடைசியில் தாளில் அடித்தல்தான் இருந்தது, ஆளைக் காணோம்.

பாத்திரம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கக் கூடாது என்பார் என் பதிப்பாசிரியர். அவரைத் திருப்திப்படுத்தப் பார்த்துத் தோற்றேன். எனவே அந்தக் கேள்வித்தாளை அவள் கையிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

* வண்டிக்குள் இருக்கும் அவளை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. காய்கறிக் கடைக்காரர் தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "கல்லு மேல சத்தியமா சரியான எடைம்மா" என்பதை அவள் அச்சு அசலாக நடித்துக் காட்டுவாள். குரல், கண், கட்டைவிரல் எல்லாம். வானொலி சிரித்துச் சிரித்து ஒருமுறை வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. இந்த அரைகிராமை உலகத்தில் வேறு யாரும் பார்த்தது கிடையாது. அவள் கணவர்கூட.

4

நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு மனிதவள அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். (அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை சுலபம். அவர் எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்கிறவர், என்ன செய்ய?) திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நாற்பது கேள்விகள். மதிப்பெண் போடும் முறை கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவரவரே கூட்டிப் பார்த்து, தம் வகையைக் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். வகை நான்கு: மலை, ஆறு, தீவு, சந்தை.

"யாரும் பயப்பட வேண்டாம். இது பரீட்சை இல்ல. சேர்ந்து வேலை செய்யுறவங்க மனசும் சேரணும், அவ்வளவுதான்" என்றார். பின்னால் ஒரு படத்தைத் தொங்கவிட்டிருந்தார். எந்த வகை எந்த வகையோடு ஒரே வண்டியில் போகலாம் என்பதற்கு அதில் பச்சைக் கோடுகள், கூடாது என்பதற்குச் சிவப்புக் கோடுகள். தீவும் தீவும் போகலாம். சந்தையும் சந்தையும் போகலாம். தீவுக்கும் சந்தைக்கும் நடுவில் தடித்த சிவப்பு.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஜோடிகள் இந்தப் படத்தின்படி மாறும்.

வானொலி அன்று மாலையே தாளை நிரப்பி, மறுநாள் காலையில் அதிகாரியின் மேசைத் தட்டில் போட்டுவிட்டாள். என்ன வந்தது என்று அரைகிராம் கேட்கவில்லை. அதைப் போய்க் கேட்பார்களா? பேச்சைத் தவிர வேறொன்றும் அறியாத பெண், சந்தை வராமல் வேறென்ன வரும்?

அந்தத் திங்கட்கிழமை மாலை அரைகிராமும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தன் தாளை நிரப்பினாள். புதியவர்களிடம் நீங்களாகப் பேச்சைத் தொடங்குவீர்களா? இல்லை. பிறரைச் சிரிக்க வைப்பது உங்களுக்குப் பிடிக்குமா? இல்லை. கணவர் எதிரில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருந்துக் கடை ஒன்றில் சீட்டு பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவர். அவரும் அதிகம் பேச மாட்டார். இருபத்தியிரண்டு வருடமாக அந்த மேசையில் நல்ல அமைதி.

கூட்டினாள். தீவு. சுத்தமான தீவு.

"என்ன வந்துச்சு?"

"தீவாம்."

"நீ எப்பவும் அப்படித்தானே" என்றார் அவர் அன்பாக.

அவளுக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, எழுதும்போது எனக்கும் புரியவில்லை. (கணவரை இங்கே வில்லனாக்கப் பார்த்தேன். அவர் எழுந்து போய் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.)

தீவு என்று கொடுத்தால் திங்கட்கிழமை வண்டியில் வானொலி இருக்க மாட்டாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு, தொழில்காரி என்பதால், தொழில் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு எடையை வைத்துப் பார்த்துவிட்டு எந்தத் தராசைப் பற்றியாவது அவள் முடிவு சொல்லியிருக்கிறாளா?

5

நாலு மூலை பார்ப்பது என்று ஒன்று உண்டு. கல்லை முதலில் தட்டின் நடுவில் வைப்பார்கள். பிறகு அதே கல்லை ஒவ்வொரு மூலையாக. ஐந்து இடத்திலும் ஒரே எடை வர வேண்டும். நடுவில் யோக்கியமாக இருந்துவிட்டு மூலையில் கோளாறு செய்யும் தராசுகள் ஏராளம். கடைக்காரர்களுக்கு இது தெரியும். "நடுவுல வச்சுப் பாருங்கம்மா, சரியாத்தான் காட்டுது, மூலை எதுக்கு?" என்று குழைவார்கள். அரைகிராம் பதில் சொல்லாமல் கல்லை மூலைக்கு நகர்த்துவாள்.

செவ்வாய்க்கிழமை எழுதாத பிரதியொன்றை வாங்கி, நகல் எடுக்கும் கடைக்குப் போய் அதில் நாலு நகல் எடுத்தாள். வீட்டு மேசைதான் நடு. அலுவலகத்தின் சாப்பாட்டு அறை முதல் மூலை: தீவு. பேருந்து நிறுத்தத்து இருக்கை, தன்னந்தனியாக: தீவு. நாத்தனார் வீட்டுக் கூடம், சுற்றிலும் ஆட்கள்: தீவு, அதுவும் இன்னும் ஒரு மதிப்பெண் கூடுதல் தீவு.

நாலாவது மூலை வண்டி. புதன்கிழமை, ஒரு மாவு ஆலைக்கு வெளியே வாயிற்கதவு திறப்பதற்காகக் காத்திருந்தார்கள். வானொலி தன் வழக்கப்படி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் அட்டையை வைத்து அரைகிராம் எழுதினாள்.

"என்னக்கா, வீட்டுப் பாடமா?"

"வாயை மூடு, எண்ணிக்கிட்டிருக்கேன்."

"மூடுனா வண்டி ஓடாதே."

"வண்டிதான் நிக்குதே! ஆலைக்காரரு கதவைத் தொறக்கறதுக்குள்ள உனக்குக் கல்யாண வயசு தாண்டிரும்." சொல்லிவிட்டு, ஆலைக்காரர் இடுப்பில் சாவியைத் தேடும் தோரணையை உட்கார்ந்தபடியே நடித்தாள். ஏற்கனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற வானொலி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள்.

பிறரைச் சிரிக்க வைப்பது உங்களுக்குப் பிடிக்குமா? அரைகிராம் கேள்வியைப் பார்த்தாள். பக்கத்தில் குலுங்கும் தோளைப் பார்த்தாள். பொய் சொல்ல முடியவில்லை. ஆம், மிகவும், என்று போட்டாள்.

கூட்டினாள். சந்தை.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இதோ, வேண்டிய தாள் கையில். மற்ற நாலையும் கிழித்துப் போட்டுவிட்டு இதைக் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? வானொலி சந்தை, அவளும் சந்தை, நடுவில் பச்சைக் கோடு. அந்த நினைப்பு முடிவதற்குள் காதில் ஒரு குரல் கேட்டது. நடுவுல வச்சுப் பாருங்கம்மா, மூலை எதுக்கு? காய்கறிக்கடைக்காரர் குரல் அது. அவளே நடித்த குரல்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆலைக் கதவு திறந்தது.

6

வியாழக்கிழமை வண்டியில் சத்தமே இல்லை.

(இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. வானொலி வழக்கம்போலப் பேசிக்கொண்டு வருவாள் என்றுதான் முந்தைய நாள் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் வாசித்தபோது, பதினோரு வருடப் பழக்கமுள்ளவளை யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.)

மூன்று சந்திப்பு தாண்டியும் வானொலி வாயைத் திறக்கவில்லை. அரைகிராம்தான் கேட்டாள்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா."

"பின்ன என்ன?"

வானொலி சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். "அந்தத் தாளு. ஏதோ தப்புன்னு விட்டுட்டேன். நேத்து சாயங்காலம் சார் கூப்பிட்டு அதேதான்னுட்டாரு. நான் தீவாம் அக்கா."

அரைகிராம் சிரித்துவிட்டாள். "நீயா? தப்பாக் கூட்டியிருப்ப."

"மூணு தடவை கூட்டினேன். வீட்ல உக்காந்து எழுதினேனா... எங்க வீட்ல எட்டுப் பேரு. எட்டும் வாய். எனக்கு எப்பவும் இடமே கிடைக்காது. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். அம்மா வீட்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். என் வீட்டுக்காரரு நான் ஊமைன்னு நெனச்சுத்தான் கட்டிக்கிட்டாருன்னு விளையாட்டாச் சொல்வாரு." பச்சை விழுந்தது. அவள் வண்டியை எடுக்கவில்லை. "காலைல எட்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும்தான்க்கா எனக்கு வாயி. நீங்க கேப்பீங்க. அதனால பேசுவேன்."

பின்னாலிருந்த லாரி ஒலியெழுப்பியது.

"நீங்க சந்தையாத்தான் இருப்பீங்க" என்று வானொலி சொன்னாள். "இவ்வளவு சிரிக்க வைக்கிறீங்க. நாம ரெண்டு பேரும் இனிமே..." கியரைப் போட்டாள்.

அரைகிராமுக்குச் சொல்ல ஆசைதான். நான் நாலு இடத்தில் தீவு, நீ பயப்படாதே என்று ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். ஏனென்றால் அந்த ஒரு கணத்தில் தன் கை என்ன செய்ய இருந்தது என்று பார்த்துவிட்டாள். நேற்று நாலு தாளை மறைக்க நினைத்தாள். இன்றைக்கு ஒன்றை மறைக்க நினைக்கிறாள். அதுவும் எந்த ஒன்றை? அவள் சிரித்தபடி எழுதிய ஒரே தாளை. இந்த வண்டியைக் காப்பாற்ற, இந்த வண்டியில் தான் இருந்ததையே இல்லை என்று சொல்ல வேண்டும்.

அவளுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

7

முடிவுகள்.

அ) அவள் தீவு என்று கொடுக்கிறாள். இருவரும் சேர்ந்தே போகிறார்கள். சுபம். என் மனைவிக்குப் பிடித்த முடிவு இது. "மறைச்சா என்ன குடி முழுகிப் போச்சு? நாலு இடத்துல தீவுதானே? பாவம், சேர்ந்து போகட்டும்" என்கிறாள். நியாயம்தான். ஆனால் பத்தொன்பது வருடம் மூலைக்கு மூலை கல்லை நகர்த்தியவளிடம் இதை யார் போய்ச் சொல்வது? மனைவியையே அனுப்பலாமா என்று யோசித்தேன்.

ஆ) அவள் படத்தைக் கிழித்து எறிகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (அந்த அலுவலகத்தில் யாரும் அப்படிக் கைதட்ட மாட்டார்கள். எல்லோருக்கும் வேலை வேண்டும்.)

இ) நிறுவனம் முழுவதும் ஒரே நாளில் மனம் மாறி, மனிதவள அதிகாரி எழுந்து

(போதும். இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

மைத்துனரிடம் கேட்டேன். "அஞ்சு எடை எடுத்தா அஞ்சையும் எழுதணும் மச்சான். எங்க வச்சு எடுத்தோம்னும் எழுதணும். காத்து அடிச்சுதா, மேசை ஆடுச்சா, பக்கத்துல என்ன இருந்துச்சு, எல்லாம். முடிவு சொல்றது அப்புறம்." உப்பு இல்லையா என்று கேட்பது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

8

வெள்ளிக்கிழமை மதியம் அரைகிராம் அதிகாரியின் அறைக்குப் போனாள். ஐந்து தாள்களையும் சேர்த்துப் பின் அடித்திருந்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் அவள் வழக்கமாகச் சான்றிதழில் எழுதுவது போலவே குறித்திருந்தாள். வீட்டு மேசை, எதிரில் கணவர். சாப்பாட்டு அறை, பலர். பேருந்து நிறுத்தம், யாருமில்லை. நாத்தனார் வீடு, பலர். ஐந்தாவதில்: வண்டி, பக்கத்தில் அவள்.

இதுவரை எனக்கு உறுதியாகத் தெரியும்.

அதிகாரி ஐந்தையும் மெதுவாகப் பார்த்தார். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரலில் கேட்டார்.

"இதுல எது நீங்க?"

இந்த இடத்தில் அவள் பதிலுக்காகப் பதினாறு நாள் காத்திருந்தேன். எழுதிப் பார்த்தவற்றில் சிலதை அடிக்காமல் விடுகிறேன்:

"அஞ்சும்தான் சார்." (மேடையில் எடுபடும். அவள் மேடைக்காரி இல்லை.)

"வண்டியில இருக்கறவதான் சார் நான்." (இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதாலேயே சந்தேகம் வந்தது. இருபத்தியிரண்டு வருடமாக அவளுக்குத் தேநீர் போட்டுத் தருகிறவருக்கு எதிரில் உட்கார்ந்தவள் பிறகு யார்?)

"எனக்குத் தெரியாது சார். ஆனா அந்த அஞ்சாவது தாளை எழுதுனவளை எனக்குப் பிடிச்—"

இதைத் தனியாக என் அறையில் வாசித்தேன். அவர்கள் பிரிந்துவிடுவார்கள் என்று தோன்றியது. அடுக்களையில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அதே வரி, ஒரு எழுத்து மாறவில்லை. பிரிய மாட்டார்கள் என்று தோன்றியது. மைத்துனர் இருந்திருந்தால் எனக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பார்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன், ஒரு நிபந்தனையோடு. முதலில் தாளின் தலையில் இந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். யாரும் இல்லையென்றால் யாருமில்லை என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு அவள் பதிலை எழுதுங்கள். நாளைக்கு வேறிடத்தில் வேறு பதில் வந்தால் பதற வேண்டாம், முதலில் எழுதியதைக் கிழிக்கவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த மிச்சம் இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை மணி எட்டு. வண்டியில் கற்கள் ஏற்றியாயிற்று. வானொலி சாவியில் கையை வைத்து, திருப்பாமல், நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்துக் கதவின் கைப்பிடி அசைகிறது. கதவு திறக்கிறது. வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்கிறது. ஏறி உட்கார்ந்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன். வானொலி பேச ஆரம்பிக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.